நந்தனார் சரித்திரத்தில் வேதியர் வந்த வரலாறு

திருநாளைப்போவார் நாயனார் என்றால் அறியாதாரும் நந்தனார் என்றால் அறிவர். நந்தனாரை அறிந்தவர் அனைவரும் அவர்தம் ஆண்டையாகிய வேதியரையும் உடனறிவர். மார்கழித் திருவாதிரைக்குத் தில்லை செல்ல விடைவேண்டி அடியவர் கைகட்டி நிற்பதும், வேதியர் வெகுண்டு மறுப்பதும், நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போ என்று விதிப்பதும், ஓரிரவில் அவ்வேலை திருவருளால் முடிந்து நிற்பதும், அது கண்ட வேதியர் அடியவர் திருவடியில் வீழ்வதும் ஆகிய இவை பாட்டாலும் கதையாலும் ஊர்தோறும் பரவியுள்ளன. ஆயின் பெரியபுராணத்தைக் கையிலெடுத்துத் திருநாளைப்போவார் புராணத்தின் 37 திருவிருத்தங்களையும் முதலிலிருந்து முடிவுவரை ஓதுவார் எவரும் இவ்வாண்டையை அங்கே காணார். நாற்பது வேலியும் அங்கில்லை.

இத்துணைப்பாத்திரம் எப்பொழுது, எதன்பொருட்டுச் சரித்திரத்துட் புகுந்தது? கதாகாலட்சேபத்தினின்றும் நாடக மேடைக்கும், ஆங்கிருந்து திரைக்கும் சென்றபொழுது எவ்வெவ்வாறு மாறிற்று? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம். வேதியர் மாறுந்தோறும் நாயனாரது திருப்பெயரிலுள்ள 'நாளை' என்னும் சொல்லின் பொருளும் உடன் மாறி வந்திருத்தலின், சைவ நன்மக்கள் இதனைப் புறக்கணித்தல் தகாது.

முதனூலாகிய திருத்தொண்டத்தொகையுள் சுந்தரமூர்த்தி சுவாமிகள் இந்நாயனாரைச் சில சொற்களில் வணங்கிச் செல்கின்றார். வழிநூலாகிய திருத்தொண்டர் திருவந்தாதியுள் நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டு அருளினார். ஊர் ஆதனூர் என்பதும், பிறந்த குலம் இன்னதென்பதும், அம்பலவன் அருளால் முனியாயினார் என்பதும், தில்லை மூவாயிரவரும் கைகூப்பினர் என்பதும் அவ்வொரு பாட்டினுள் அடங்கியுள்ளன. ஆகவே அந்தாதியின்கண் நாயனாரையன்றி வேறு மாந்தராகக் காணப்படுவார் தில்லை மூவாயிரவரே. அவரும் கைகூப்பி நிற்கும் நிலையிலேயே காணப்படுகின்றனர்.

12ஆம் நூற்றாண்டில் அநபாய சோழன் காலத்தே விரிநூல் செய்த சேக்கிழார் பெருமான் இதனை எவ்வாறு விரித்தார் என்பது ஊன்றி நோக்கற்பாலது. கொள்ளிடக் கரையின் வளத்தையும் ஆதனூரையும் கூறியபின், அவ்வூர்ப் புறத்ததாகிய புலைப்பாடியை அவர் காட்டும் அழகு வேறெந்தப் புராணத்துள்ளும் காண்டற்கரியது. சுரைக்கொடி படர்ந்த கூரைகள், முன்றிலில் துள்ளும் நாய்க்குட்டிகள், அவற்றைக் கவர்ந்தோடும் இரும்புக் காப்பணிந்த கரிய சிறுவர், மருத நிழலிலே சிறு தோலின்மேல் மகவை உறங்கவைக்கும் உழத்தி, மாமரத்திலே தொங்கும் பறைகள், வைகறையில் வினைக்குச் செல்லும் கடைஞரை எழுப்பும் கோழி ஆகிய அனைத்தையும் அருகிருந்து கண்டார்போற் பாடியுள்ளார். அமைச்சுரிமை பூண்டிருந்த ஒரு பெருமகனார் இத்துணை நுணுக்கமாக அப்பாடியை நோக்கினர் என்பதே ஒரு வியப்பாம். அத்தகையார்க்கு நிலவுடைமையாளன் ஒருவனைக் காட்டத் தெரியாமற் போகவில்லை. காட்ட வேண்டாமையாலேயே காட்டிற்றிலர் என்க.

அப்பாடியிற் பிறந்த நந்தனார்க்கு வாழ்வு எது? ஊரவர் விட்ட பறைத்துடவை. அஃதாவது, ஊர்ப்பணி செய்வார்க்கு உணவுரிமையாக அளிக்கப்பட்ட நிலம். அதனைக் கொண்டு அவர் தம் தொழிலின் நின்று, சிவன் கோயில்தோறும் பேரிகை முதலிய முகக்கருவிகட்குப் போர்வைத்தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார். ஆகவே சேக்கிழார் கண்ட நந்தனார் எவர் பண்ணையிலும் அடிமையாளர் அல்லர். தமக்கென உரிமை நிலமும், கோயிலோடு கைத்தொழிலுறவும் உடைய தொண்டர். கோயிலின் உள்ளே செல்லும் உரிமை அவர்க்கில்லை. எனினும் உள்ளே முழங்கிய முழவின் தோல் அவர் கொடுத்தது.

இனித் திருப்புன்கூரிலே நந்தி விலகித் திருவுருக் காட்டியருளிய செய்தியும், ஆங்கு அவர் குளம் அகழ்ந்த செய்தியும் சேக்கிழார் கூறியனவே. அகழ்ந்தவர் நாயனார். பிற்காலத்துத் தலவழக்கிலே விநாயகப் பெருமான் துணைநின்று அக்குளத்தை வெட்டுவித்தார் என்றொரு செய்தி சேர்ந்து, குளம் வெட்டிய விநாயகர் என்னும் திருநாமமும் அத்தலத்து வழங்குகின்றது. துணைநிற்பார் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பாரதியாரோடு தோன்றியதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தில்லை செல்ல எழுந்த ஆசை அவரை உறங்கவிடவில்லை. விடிந்தால் தம் குலத்துக்கு ஆங்குச் செல்லும் இயைபின்மை நினைவுக்கு வரும், ஆசை அடங்கும், மீண்டும் எழும், நாளைப் போவேன் என்பர். ஒருநாள் சென்றே விட்டார். தில்லையின் எல்லையில் வேள்விப்புகையையும் மதிலையும் மாளிகை வரிசையையும் மூவாயிரவர் மனைகளின் வேள்விச்சாலைகளையும் கண்டு, உள்ளே புகுதல் தமக்கு அடாதென்று இரவும் பகலும் வலம்வந்தார். இப்பிறவியே தடையென்று நைந்து துயின்றார். இவ்விடத்தை அன்பர்கள் இருமுறை ஓதிப் பார்க்க வேண்டுகின்றேம். 'போகாதே' என்று கூறியவர் ஒருவரும் இலர். வாயிலில் காவலர் தள்ளினர் என்றோ, அந்தணர் வைதனர் என்றோ ஒரு சொல்லும் இல்லை. தடுப்பார் இலர், தடை மாத்திரம் உண்டு. ஒருவர் வாய்திறந்து தடுக்க வேண்டாதபடி அத்துணை ஆழமாக உலக வழக்கு வேரூன்றியிருந்தது.

பின்னர் இறைவன் அவர் கனவிலும் அந்தணர் கனவிலும் ஒருங்கே தோன்றினான். அந்தணர் அஞ்சிக் கோயிலின் முன் கூடி, ஊர்ப்புறத்துக் கிடந்த தொண்டரிடம் தாமே சென்று, 'ஐயரே' என்று விளித்து, அம்பலவர் ஆணையை உரைத்தனர். தென்திசை மதிற்புறத்து வளர்த்த தீயுட் புகுந்து முனிவராய் எழுந்து அம்பலத்துட் சென்று மறைந்தார் என்பது முடிவு. தனியடியார் அறுபத்துமூவர்க்கும் தொகையடியார் ஒன்பதின்மர்க்கும் புராணம் செய்த சேக்கிழார்க்குத் தில்லைவாழந்தணர் தொகையடியாருள் முதற்கண் வைத்து வணங்கப்பெற்றவர். அவரைப் பகைவராக்கிக் கதை நடத்துதல் அவர்க்கு இயலாது. ஆதலால் அப்புராணத்துட் பகைப்பாத்திரம் என ஒன்றில்லை.

இதுகாறும் கூறியவை நூல்நிலை. இனி 19ஆம் நூற்றாண்டுக்கு வருவாம்.

நரிமணத்திற் பிறந்து, மாயூரத்தை அடுத்த ஆனதாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார். அது 1860களின் தொடக்கத்தில் அச்சேறிற்று. காரைக்காலில் அலுவல் பார்த்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அதன் சுவையில் ஈடுபட்டு உதவினர் என்பது மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் எழுதியவற்றால் அறியப்படும். இந்நூல் ஒருவரே நின்று பல குரலிற் பாடியும் பேசியும் நடத்தற்குரிய இசைநாடகம். விருத்தமும் கீர்த்தனையும் கண்ணியும் நொண்டிச்சிந்தும் விரவி வரும். அத்தகைய நூலுக்கு உள்ளத்தினுள்ளே நிகழும் போராட்டம் மாத்திரம் போதாது. ஒரு குரல் கெஞ்சினால் மற்றொரு குரல் மறுத்தல் வேண்டும். மறுப்பினின்றே அடுத்த பாட்டுப் பிறக்கும். சேக்கிழார் நந்தனாரின் நெஞ்சினுள் வைத்த தடையை வெளியே எடுத்து, அதற்குக் குடுமியும் பூணூலும் நிலமும் சினமும் கொடுத்து நிறுத்தினார் பாரதியார். அவரே வேதியர்.

வேதியரோடு வேறு சிலரும் வந்தனர். சேரியின் பெரிய கிழவன் முதலானோர் நந்தனார் குலதெய்வங்களை விட்டுச் சிவனே சிவனே என்று திரிகின்றார் எனக் குறைகூறி ஆண்டையிடம் முறையிடுகின்றனர். மேலிருந்து ஒரு தடை, உடனிருந்து ஒரு தடை என இரண்டு அமைத்த திறம் நோக்கத்தக்கது. ஆயின் புராணத்துச் சேரியில் நந்தனாரைத் தடுத்த உறவினர் எவருமிலர்.

பாரதியார் இப்பாத்திரத்தை வானத்தினின்று கொணரவில்லை. தஞ்சை நாட்டில் அவர் நாடோறும் கண்ட மிராசுதார் ஒருவரையே ஆதனூரிற் கொண்டுபோய் வைத்தார். அடிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்னும் சட்டம் 1843ஆம் ஆண்டில் வந்தபோதிலும், பண்ணையாட்கள் நிலத்தோடு பிணிப்புண்டே கிடந்தனர். வேலை முடியாமல் ஊரைவிட்டு அகலுதல் அவர்க்கில்லை. நாற்பது வேலி என்பது ஏறத்தாழ 266 ஏக்கர். தனியொருவன் ஒரு பருவம் முழுதும் முயன்றாலும் முடியாத அவ்வேலையை முடித்தபின் போ என்று விதித்தல், போகாதே என்பதை வேறு வாயாற் கூறுதலேயாம். அந்நாட்டு வயல்வரப்பில் நின்று கேட்டவர்க்கு இது கற்பனையாகத் தோன்றியிராது. சேக்கிழார் வைகறையில் எழுப்பிய கடைஞருள் ஒருவராக நந்தனாரை ஆக்கியது பாரதியார் செய்த மாற்றம். கடைஞர் என்போர் அங்கே முன்னரே உளர்.

புலவருலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாரதியார் சிறப்புப்பாயிரம் வேண்டிச் சென்றபொழுது, நூலிற் சொற்புணர்ச்சி முதலியவற்றில் வழுக்கள் உளவென்றும், வரலாறு பெரியபுராணத்தோடு மாறுபடுகின்றதென்றும் கருதி அவர்கள் நாட்கடத்தினார்கள். பலமுறை வந்தும் பயன் பெறாத பாரதியார் ஒருநாள் திண்ணையிலமர்ந்து தம் கீர்த்தனை ஒன்றைத் தம்மை மறந்து பாட, உள்ளேயிருந்து கேட்ட பிள்ளையவர்கள் உருகிப் பாயிரம் அளித்தார்கள். இவ்வரலாற்றைக் கூறுவோர் பலரும் இசை இலக்கணத்தை வென்றது என்று கூறி மகிழ்வர். அடியேனுக்கு அஃது அவ்வளவில் முடிந்ததாகத் தோன்றவில்லை. பிள்ளையவர்கள் உருகினார்களேயன்றிச் சரித்திர மாறுபாடு இல்லையென்று கூறினார்களல்லர். உருகுதல் ஒன்று, உடன்படுதல் வேறு. எம்முடைய மடத்துப் பாடசாலையிலும் இந்நிலையே இருந்தது. பெரியபுராணம் பாடங்கேட்குங்கால் நாற்பது வேலி எந்தப் பாட்டில் வருகின்றது என்று உடன்பயின்றான் ஒருவன் வினவ, ஆசிரியர், "அது பாரதியார் வயல், நம் ஏடு அவ்வளவு தூரம் போகாது" என்றார்கள். அன்று மாலை அவர்களே கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு நந்தவனத்தில் உலாவினார்கள்.

வேதியர் வந்ததனால் விளைந்த மாறுபாடுகளுள் இரண்டினை மாத்திரம் கூறுவேன். ஒன்று 'நாளை' என்பது. புராணத்துள் அது தம் தகுதியை எண்ணிக் கூசும் அன்பரின் நாளை. கீர்த்தனையுள் அஃது ஆண்டை விடைகொடாமையால் தள்ளிப்போகும் நாளை. மற்றொன்று 'ஐயர்' என்னும் விளி. புராணத்துள் தில்லையந்தணர் நந்தனாரை 'ஐயரே' என்கின்றனர். கீர்த்தனையுள் நந்தனார் வேதியரை 'ஐயே, ஐயே' என்று பாட்டுக்குப் பாட்டு விளிக்கின்றார். வேதியர் திருந்திப் பணிந்த பின்னரும் அவ்விளி நிற்கவில்லை. ஒரே மதிப்புச்சொல் எழுநூறாண்டுகளில் எதிர்த்திசையில் ஓடிற்று. சேக்கிழாரைக் கடிந்து பாரதியாரைப் புகழும் இற்றைநாள் அறிஞர் சிலர் இதனை எண்ணுவாராக. பாரதியாரைக் கடிந்து சேக்கிழாரைப் புகழும் நம்மவரும் பிறிதொன்றை எண்ணுதல் வேண்டும்: வயலில் உழன்றவனுடைய துயரைச் சைவ மேடையில் வாய்விட்டு அழவைத்தவர் பாரதியாரேயாவர்.

தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் முதலிய கதாகாலட்சேப வல்லுநர் வாயிலே வேதியர் பின்னும் வளர்ந்தார். பாகவதர் ஒருவரே இருவராகவும் பாடுதலின், வேதியரது சினம் எத்துணைச் சுவைபடுமோ அத்துணை நந்தனாரது பணிவும் சுவைபடும். நாடகக் குழுக்களில் அவ்வேடத்துக்குத் தனி நடிகர் வந்தபொழுது அது முழுப்பாத்திரமாயிற்று.

1935ஆம் ஆண்டில் வெளிவந்த பக்த நந்தனார் என்னும் திரைப்படத்தில் நந்தனாராகக் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் ஆண்வேடம் பூண்டார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ரூபாய் ஓரிலக்கம் என்பது அக்காலத்துப் பெரும்பேச்சு. வேதியராகத் தோன்றியவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர். இங்கே நிகழ்ந்த மாறுதல் நுண்ணியது. காண வந்தோர் வேதியரை வெறுக்க வரவில்லை. விசுவநாதையர் பாட்டைக் கேட்க வந்தனர். கொடிய ஆண்டையின் குரல் நாடறிந்த இனிய குரலாகிவிட்டது. அக்குரலுக்குரியவர் எத்துணைச் சினந்தாலும் இறுதியில் திருந்துவார் என்பதை அவையோர் முன்னரே அறிந்திருப்பர்.

1942ஆம் ஆண்டில் ஜெமினி நிலையத்தார் எஸ். எஸ். வாசன் அவர்கள் முயற்சியில் நந்தனாரை மீண்டும் படமாக்கினர். நாயனாராகத் தேவாரப் பண்ணிசையில் ஊறிய எம். எம். தண்டபாணி தேசிகரும், வேதியராகச் செருகளத்தூர் சாமா அவர்களும் தோன்றினர். இடைப்பட்ட காலத்தில் நாட்டின் நிலை மாறியிருந்தது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள், அதுகாறும் விலக்கப்பட்டிருந்தோரை அ. வைத்தியநாதையர் அழைத்துச் சென்று வழிபடச் செய்தார். அந்நிகழ்ச்சி கண்ணுள் நின்ற காலத்தே வேதியர் மனமாறும் காட்சியைக் கண்டவர்க்கு அது பழங்கதையாக இராது. தம் தெருவிலே நடப்பதாகவோ நடத்தல் வேண்டுவதாகவோ தோன்றியிருக்கும். பாரதியார் பாத்திரம் முழுப்பயன் தந்தது இவ்விடத்தேயாம் என்பது என் துணிபு.

எனினும் இவ்விடத்தே ஓர் இடரும் உண்டு. தடைக்கு ஒரு முகம் கொடுத்தால், அம்முகம் மலர்ந்தவுடன் தடையும் தீர்ந்ததாக அவையோர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீடுசெல்வர். வேதியர் திருந்திய பின்னரும் நந்தனார் தில்லையின் புறத்தே நிற்கவேண்டியிருந்தது, தீயினுட் புகவேண்டியிருந்தது. ஆண்டை விடைகொடுத்தும் மதில் விடைகொடுக்கவில்லை. மேடையில் வேதியர் வளர வளர இப்பகுதி சுருங்கிச் சுருங்கிக் கதையின் உச்சம் ஆதனூர் வயலிலேயே முடிந்துபோயிற்று. தில்லை மூவாயிரவர் ஓரிரு நிமிடங்கட்கு வந்து போவாராயினர்.

நகைச்சுவை மேடையில் என். எஸ். கிருஷ்ணன் அவர்கள் கிந்தனார் என்றொரு காலட்சேபம் செய்தார். 1949ஆம் ஆண்டின் நல்லதம்பி என்னும் படத்திலும் அது வந்தது. அங்கே அடியவரது தில்லைத் தாகம் பள்ளிக் கல்வித் தாகமாயிற்று; பழைய பாட்டின் நடையறிந்தாரே அதன் நகையையும் அறிந்தனர்.

1978ஆம் ஆண்டில் இந்திரா பார்த்தசாரதி அவர்கள் எழுதிய நந்தன் கதை என்னும் நாடகம் வேதியரை மீட்டும் மாற்றிற்று. அங்கே வேதியர் தனித்து நிற்கவில்லை. வேதியரல்லாத நிலக்கிழாரும் உடன்சேர்ந்து நந்தனைச் சூழ்ச்சியாற் தீக்கு அனுப்புகின்றனர். அபிராமி என்னும் ஆடன்மகள் ஒருத்தி புதிதாக வருகின்றாள். நந்தனுக்குக் கூத்தின்மேலுள்ள வேட்கை அவள் வாயிலாக வெளிப்படுகின்றது. அவளும் தீயில் மடிகின்றாள். திருவருளை நீக்கி எழுதப்பட்ட அம்முடிவு நமக்கு உடன்பாடன்று. நாயனாரை முனிவராக எழுப்பாத தீ சேக்கிழார் தீ அன்று. ஆயினும் ஒன்றை மறுத்தற்கில்லை: பாரதியார் ஒருவர் தலையில் ஏற்றிய குற்றத்தை அந்நாடகம் நிலமுடையார் பலர்மேலும் பகிர்ந்து வைத்தது. வேதியர் ஒருவரைக் காட்டித் தாம் ஒதுங்கிக்கொள்ள விரும்பிய ஏனைய நிலக்கிழார்க்கு, நம் சைவ வேளாண் குடியினரையும் உளப்படுத்தியே கூறுகின்றேன், அது கசப்பாயிருக்கும். ஆயினும் தஞ்சை நாட்டுப் பண்ணைகளின் வரலாற்றுக்கு அது மாறானதன்று.

இம்மாற்றங்கள் எல்லாவற்றினுள்ளும் விடுபட்டே வந்த பொருள் ஒன்றுளது. காலட்சேபத்திலும் மேடையிலும் திரையிலும் நந்தனார் கையில் ஏரும் மண்வெட்டியுமே விளங்கின. போர்வைத்தோலும் விசிவாரும் யாழ்நரம்பும் கதையின் ஓரத்துக்கு ஒதுங்கின. உழவராக்கியவுடன் தோற்றொழில் நழுவிற்று. அதனோடு பறைத்துடவையும், கோயில்தோறும் அவர்க்கிருந்த உறவும் நழுவின. திருநாளைப்போவார் குருபூசையன்று கீர்த்தனை பாடும் அவைகளில், பாட்டுத் தொடங்குமுன் ஓதுவார் ஒருவர் சேக்கிழார் பெருமான் அத்தொண்டினைக் கூறிய திருவிருத்தங்களை மாத்திரமேனும் ஓதிவிட்டால் நன்றாம். அருகிலிருக்கும் மிருதங்கத்தின் தோல் யார் தந்தது என்று சிறுவர் கேட்கவும் கூடும்.